டோரிஸ் டே ஏன் திரும்பி வரவில்லை?

மார்ச் 19, ஒரு வாசகரின் கேள்வி

தொடர்ந்து நாலு வருடம் ஹாலிவுட்டின் நம்பர் ஒன் வசூல் நட்சத்திரமாக இருந்தவர் டோரிஸ் டே. 1968-க்குப் பிறகு ஒரு படம்கூட இல்லை. 1973-ல் டிவி தொடரும் முடிந்தது. இறந்தது 2019-ல். நடுவில் 46 வருடம்! மார்க்கெட் போய்விட்டது, மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார் என்பது என் கணிப்பு. இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மார்ச் 19, இரவு

இல்லை என்கிறேன். 1968 ஏப்ரல் 20 அன்று கணவர் மார்ட்டின் மெல்ச்சர் இறந்தார். 17 வருடத் தாம்பத்தியம். மேனேஜர், தயாரிப்பாளர், வரவு செலவு பார்ப்பவர் எல்லாமே அவர்தான். அந்தத் துக்கத்தில் நடிகைக்கு சினிமா கசந்துவிட்டது. இதில் மார்க்கெட் எங்கிருந்து வந்தது?

அப்புறம், "தொடர்ந்து" என்பதும் தப்பு. திரையரங்க உரிமையாளர்களிடம் கேட்டு வருடாவருடம் எடுத்த பட்டியலில் அவர் முதலிடத்தில் இருந்தது 1960, 62, 63, 64-ல். 1961-ல் எலிசபெத் டெய்லர் நடுவில் புகுந்துவிட்டார்.

மார்ச் 20, காலை

ராத்திரி எழுதியதை இப்போது படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. துக்கத்தில் சினிமா கசந்தவர் அதே வருடம் செப்டம்பர் 24 அன்று சிபிஎஸ் டிவியில் சொந்தப் பெயரில் தொடர் ஆரம்பிப்பாரா? அதுவும் ஐந்து வருடம், 128 எபிசோடு!

விஷயம் இதுதான். கணவர் போன பிறகு கணக்குப் பார்க்க உட்கார்ந்தவருக்கு இரண்டு செய்திகள் காத்திருந்தன. ஒன்று, 20 வருடச் சம்பாத்தியம் காணோம், கடன்தான் மிச்சம். இரண்டு, அவரைக் கேட்காமலே அவர் பேரில் ஒரு டிவி தொடருக்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. டிவியே வேண்டாம் என்று இருந்தவர் அவர். கணவர் இறந்து சில மாதங்களுக்குள், தான் ஒப்புக்கொள்ளாத வேலைக்கு மேக்கப் போட்டுக்கொண்டு போய் நின்றார். கடனை வேறு எப்படி அடைப்பது?

ஆகவே துக்கக் கதையை வாபஸ் வாங்குகிறேன்.

மார்ச் 20, மதியம்

சாப்பாட்டு இடைவேளையில் ஒரு சில்லறை விஷயம். இவருடைய சொந்தப் பெயர் டோரிஸ் மேரி ஆன் கப்பெல்ஹாஃப். ஜெர்மன் வம்சம், ஓஹயோவின் சின்சினாட்டி. முதலில் பாட வாய்ப்புக் கொடுத்த பாண்டு மாஸ்டர் பார்னி ராப், இவ்வளவு நீளப் பெயர் விளம்பரப் பலகையில் பிடிக்காது என்று, இவர் பாடிய ஒரு பாட்டிலிருந்து "டே" என்ற சொல்லை எடுத்து ஒட்டிவிட்டார். இவருக்கு அந்தப் பெயர் கடைசிவரை அவ்வளவாகப் பிடிக்கவில்லையாம்.

நம் காதில் கப்பெல்ஹாஃப் "கப்பலில் பாதி" என்றுதான் விழும். முழுக் கப்பலும் 1948-ல் கிடைத்தது. முதல் படமே கப்பல் பயணக் கதை.

மார்ச் 21

அந்த முதல் படத்தின் ஆடிஷனுக்கு எப்படி வந்தார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் புரியும்.

அவர் ஆசைப்பட்டது நடனத்துக்கு. 1937 அக்டோபர் 13 இரவு, ஹாமில்டன் என்ற ஊரில் அவர் இருந்த கார்மேல் ரயில் மோதியது. வலது கால் நொறுங்கியது. அப்போது வயது 13. மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தபோது துணைக்கு ரேடியோ. பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டு பாடினால் கூடவே பாடிப் பார்ப்பார். ஒரு சொல்லை எங்கே லேசாக இழுக்கிறார், எங்கே விடுகிறார் என்று காதால் பிடித்துப் படித்தார். நடனக்காரி பாட்டுக்காரியானது அப்படித்தான்.

ஊன்றுகோல் காலத்தில் டைனி என்று ஒரு நாய்க்குட்டி. ஒருநாள் கயிறு கட்டாமல் வெளியே கூட்டிப் போனார். அது தெருவில் ஓடியது, கார் அடித்துவிட்டது. ஊன்றுகோலோடு பின்னால் ஓட முடியவில்லை. இந்த நாய் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு லெஸ் பிரவுன் பாண்டில் பாடினார். 1945-ல் போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்களுக்கு அவர் குரலில் வந்த "சென்டிமென்டல் ஜர்னி" ஊர்ப்பாட்டு மாதிரி ஆகிவிட்டது. அதே காலத்தில் வீட்டு நிலைமை வேறு. முதல் கணவர் ட்ராம்போன் வாசிப்பவர், கர்ப்பமாக இருந்தபோதே அடித்தவர். மகன் டெர்ரி 1942-ல் பிறந்தான். இரண்டாம் கணவர் சாக்ஸபோன். அதுவும் உடைந்துகொண்டிருந்த சமயத்தில்தான் இயக்குநர் மைக்கேல் கர்டிஸின் அந்தப் படத்துக்கு ஆடிஷன். பாட நின்றவர் அழுதுவிட்டார். கர்டிஸுக்கு அந்த அழுகை பிடித்துப்போனது. நடிகை பெட்டி ஹட்டன் கர்ப்பமானதால் காலியான வேடம் இவருக்கு வந்தது.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு" பிம்பம், அந்தச் சிரிப்பு, அந்த மஞ்சள் முடி, எல்லாம் அதற்குப் பிறகு. "டோரிஸ் டே கன்னியாவதற்கு முன்பே எனக்குத் தெரியும்" என்று ஆஸ்கர் லெவன்ட் அடித்த நக்கலுக்கு இப்போது அர்த்தம் புரிந்திருக்கும். முதல் படத்தில் கூட நடித்தவர் அவர்.

மார்ச் 23

இவ்வளவு எழுதியும், ஹிட்ச்காக் படத்தில் அவர் பாடிய "கே செரா செரா" பற்றி ஒரு வரி இல்லையா என்று திட்டு வந்திருக்கிறது. வருகிறேன்.

எனக்கு இந்த மெட்டு முதலில் தெரிந்தது தமிழில். "சின்னப் பெண்ணான போதிலே." 1957-ல் வந்த ஆரவல்லி, ஜி. ராமநாதன் இசை, ஜிக்கியும் ஏ.எம். ராஜாவும் பாடியது. என் அத்தை அரிசி புடைக்கும்போது முனகுவார். முறத்தின் தட்டல்தான் தாளம். அதனால் கல்லூரி விடுதியில் ஒருவன் ஆங்கிலப் பாட்டைப் போட்டபோது, "நம்ம பாட்டை வெள்ளைக்காரன் சுட்டுட்டான்" என்று அடித்துச் சொன்னேன். இரண்டு டீ, நாலு பஜ்ஜி பந்தயம். ஹிட்ச்காக் படம் 1956, ஆரவல்லி 1957. பஜ்ஜி போயிற்று. (பானுமதி 1965-ல் ஒரு தெலுங்குப் படத்தில் இதை ஆங்கிலத்திலேயே பாடியிருக்கிறார். அதையும் தேடிக் கேளுங்கள், அந்தக் குரலுக்குத் தனி அதிகாரம்.)

டோரிஸ் டேவுக்கு இந்தப் பாட்டு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. குழந்தைப் பாட்டு, இதை யார் கேட்பார்கள் என்றாராம். அது ஆஸ்கர் வாங்கியது, ஆயுளுக்கும் அவரை விடவில்லை.

ஆனால் படத்தில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இதைத் தாலாட்டு என்று சொல்ல மாட்டார்கள். கடத்தப்பட்ட மகன் தூதரகத்தின் மேல்மாடியில் எங்கோ அடைபட்டிருக்கிறான். கீழே கனவான்கள் நடுவில் அம்மா பியானோவில் உட்கார்ந்து பாடுகிறாள். நாகரிகமாகப் பாட வேண்டிய இடத்தில் சத்தம் கொஞ்சம் கூடுகிறது. விருந்தினர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். இன்னும் கூடுகிறது. கேமரா படிப்படியாக மாடி ஏறுகிறது. மேலேயிருந்து பையனின் விசில். பாடிக்கொண்டே அந்த விசில் காதில் விழும்போது அவர் முகத்தைப் பாருங்கள். வாய் பாட்டில்தான் இருக்கிறது, கண் மட்டும் மாடிக்குப் போய்விட்டது. "நடிக்கத் தெரியாது, சிரிக்கத்தான் தெரியும்" என்று எழுதிய விமர்சகர்களுக்கு இந்த மூன்று நிமிடம் போதும்.

மார்ச் 24

டிவி தொடரின் கதை கேட்டீர்கள். நம் ஊர் சீரியல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எளிதாகப் புரியும்.

முதல் வருடம்: விதவைத் தாய், இரண்டு மகன்கள், அப்பா, ஒரு பெரிய சடைநாய், பண்ணை வீடு. இரண்டாம் வருடம்: பண்ணையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வேலைக்குப் போய்வருகிறார், பத்திரிகை அலுவலகத்தில் செயலாளர். மூன்றாம் வருடம்: நகரத்தில் ஓர் இத்தாலிய ஹோட்டலுக்கு மாடியில் குடியேறுகிறார்கள். நான்காம் வருடம்: மகன்களும் இல்லை, நாயும் இல்லை. கல்யாணமே ஆகாத நிருபர் மாதிரி இருக்கிறார், யாரும் எதுவும் கேட்பதில்லை.

நம்மிடம் "இனி இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு கார்டாவது போடுவார்கள். அங்கே அதுவும் இல்லை. எல்லா வருடமும் டைட்டில் பாட்டு மட்டும் அதே "கே செரா செரா." சினிமாவில் காணாமல் போன மகனைக் கண்டுபிடித்துக் கொடுத்த பாட்டு, டிவியில் இரண்டு மகன்கள் காணாமல் போனதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

மார்ச் 28

வழக்கு. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், காரணம் பின்னால்.

ஜெரோம் ரோசன்தால் என்ற வக்கீல். 1949-ல் இவருடைய இரண்டாவது விவாகரத்தை நடத்திக் கொடுத்தவர். அந்த ஒரு வேலையோடு போயிருக்கலாம். போகவில்லை. பிறகு மெல்ச்சருக்கும் இவருக்கும் சேர்த்துப் பண விவகாரங்களைப் பார்த்தார். எண்ணெய்க் கிணறு, ஹோட்டல் என்று முதலீடுகள். வக்கீலும் அவரே, யோசனை சொல்பவரும் அவரே, அந்த முதலீடுகளில் தன் பங்கு வைத்திருந்தவரும் அவரே. 1974-ல் ஏறக்குறைய நூறு நாள் விசாரணைக்குப் பிறகு கலிபோர்னியா நீதிமன்றம் 2 கோடியே 28 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. கையில் வந்தது அதில் சிறு பகுதி. காப்பீட்டு நிறுவனங்களோடு சமரசம், சுமார் 60 லட்சம் டாலர், அதுவும் 23 வருடாந்திரத் தவணை. ரோசன்தால் விடாமல் மேல்முறையீடு செய்துகொண்டிருந்தார். 1987-ல் வக்கீல் தொழில் செய்யும் உரிமையே பறிபோனது.

மெல்ச்சர் கூட்டாளியா, ஏமாந்தவரா? அந்த மனிதர் தப்பான ஆளை நம்பிவிட்டார், அவ்வளவுதான் என்று டோரிஸ் டே வெளியில் சொன்னார். இதைப் படித்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது. உங்கள் பணமம்மா, உங்கள் கையெழுத்தம்மா, இன்னுமா அந்த ஆளுக்குப் பரிந்து பேசுகிறீர்கள் என்று.

அப்புறம் அத்தை ஞாபகம் வந்தது. முறத்தில் தாளம் போட்ட அதே அத்தை. 31 வருடம் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. பாஸ்புக் மாமாவிடம். மாமா ஒரு நண்பருக்காக ஒரு சீட்டு கம்பெனியில் அத்தையை ஜாமீன் கையெழுத்துப் போடவைத்திருந்தார். மாமா போய் எட்டாம் மாதம் சம்பளத்தில் பிடித்தம் ஆரம்பித்தது. நான் கம்பெனிக்குக் கூட்டிப்போனேன். எடுத்துக் காட்டினார்கள். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அத்தையின் கையெழுத்து. கரும்பலகையில் எழுதுவது மாதிரி குண்டு குண்டாக, சுழி தவறாமல். எப்போது போட்டது என்று அத்தைக்கு நினைவே இல்லை. "அடுப்புல பால் வச்சிருப்பேன், நீட்டியிருப்பார், போட்டிருப்பேன்" என்றார். மாமாவைத் திட்டி ஒரு சொல் வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது "பாவம், ஏமாத்திட்டாங்க அவரை" என்றார்.

எனவே டோரிஸ் டே சொன்னதில் எரிச்சல் காட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

மார்ச் 29

"படிக்காமல் கையெழுத்துப் போட்டது அவர் தப்புதானே?" என்று கேட்பவருக்கு: நீங்கள் கடைசியாகப் பாங்கில் போட்ட கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருந்தது?

ஏப்ரல் 3

இன்று அவர் பிறந்தநாள். ஒரு திருத்தமும் பாக்கி இருக்கிறது.

ரயில் விபத்தின்போது வயது 13 என்று எழுதினேன். தப்பு, 15. நான் படித்த பழைய கட்டுரைகளில் பிறந்த வருடம் 1924. அவரே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். 2017-ல் செய்தி நிறுவனம் ஒன்று ஓஹயோ பதிவேட்டிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் 1922. 93 முடியப்போகிறது என்று இருந்தவருக்கு ஒரே நாளில் 95. வயதை நான் எப்போதும் கண்டுகொண்டதில்லை, இருந்தாலும் உண்மை வயது தெரிந்ததில் சந்தோஷம் என்கிற மாதிரி பதில் சொன்னார்.

நம் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுவிடுவார். ஊரில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். ஹாலிவுட்டுக்கும் ஒரு ஹெட்மாஸ்டர் இருந்திருக்கிறார் போல.

இன்னொன்று. மெல்ச்சரைக் கல்யாணம் செய்ததும் இதே ஏப்ரல் 3 அன்றுதான், 1951-ல்.

ஏப்ரல் 4

கேள்வி கேட்டவருக்குக் கொஞ்சம் நியாயம் செய்ய வேண்டும். மார்க்கெட் விஷயத்தில் அவர் சொன்னதில் பாதி சரி.

1959-ல் ராக் ஹட்சனோடு நடித்த "பில்லோ டாக்" உச்சம். ஒரே டெலிபோன் லைனை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்வதால் வரும் சண்டை. க்ராஸ் டாக் காலத்தில் வளர்ந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கலாம். திரையை இரண்டாகப் பிரித்து, இரண்டு வீட்டுக் குளியல்தொட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, நடுக்கோட்டில் இருவர் பாதமும் தொடுவது மாதிரி ஒரு ஷாட் உண்டு. தணிக்கைக்காரர் வெட்ட அதில் எதுவும் இல்லை, எல்லாமும் இருக்கிறது. அவருக்கு வந்த ஒரே ஆஸ்கர் பரிந்துரை இந்தப் படத்துக்குத்தான்.

அறுபதுகளின் நடுவில் அந்தக் கண்ணாமூச்சி பழசாகிவிட்டது. "தி கிராஜுவேட்" படத்தின் திருமதி ராபின்சன் வேடம் அவரிடம் வந்தது. ஆபாசமாக இருக்கிறது என்று மறுத்தார். ஆன் பான்கிராஃப்ட் நடித்தார், 1967-ல் படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. நடித்திருந்தால் இன்னொரு பத்து வருடம் ஓட்டியிருப்பார் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சந்தேகம். வேடங்களைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போட்டது அநேகமாக மெல்ச்சர். அவருடைய பெரும்பாலான முடிவுகளில் டோரிஸின் குரல் கேட்கவில்லை. இந்த "முடியாது"வில் கேட்கிறது. நஷ்டமோ லாபமோ, அவர் வாயிலிருந்து வந்தது.

ஏப்ரல் 9

ராத்திரி "லவ் மீ ஆர் லீவ் மீ" திரும்பப் பார்த்தேன். 1955. ரூத் எட்டிங் என்ற நிஜப் பாடகியின் கதை. ஜேம்ஸ் காக்னி அவளை ஆட்டிவைக்கும் ரவுடிக் கணவர். வாய்ப்பு வாங்கித் தருகிறார், சம்பளம் பேசுகிறார், எங்கே பாட வேண்டும் என்று தீர்மானிக்கிறார். கணவனே மேனேஜர்.

அந்தப் பாத்திரத்தின் பெயர் மார்ட்டின்.

மூன்று தடவை பார்த்த படம், இது நேற்றுதான் உறைத்தது. எதையும் நிரூபிக்கவில்லை, தற்செயல்தான், அந்த நிஜக் கணவரின் பெயரே அதுதான். ஆனால் ஷூட்டிங் முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஒரு மார்ட்டின் காகிதங்களோடு உட்கார்ந்திருப்பார். அவர் நீட்டிய இடத்தில் இவர் கையெழுத்துப் போடுவார். என் பார்வையில் அவர் நடித்ததில் ஆகச் சிறந்தது இந்தப் படம்தான். தூதரகக் காட்சியை இரண்டாவதாக வைக்கிறேன்.

ஏப்ரல் 15

46 வருடம் என்ன செய்தார்? நாய் வளர்த்தார். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

நடித்துக்கொண்டிருந்தபோதே தெருநாய்களைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவார். "பெவர்லி ஹில்ஸின் நாய் பிடிப்பவர்" என்றே பட்டப்பெயர். (நம் ஊரில் அந்தப் பெயர் கேட்டால் நாயெல்லாம் ஓடும், அங்கே பின்னாலேயே வந்தது.) மொராக்கோவில் ஹிட்ச்காக் படப்பிடிப்பில் விலங்குகள் எலும்பும் தோலுமாக இருப்பதைப் பார்த்து, அவற்றுக்குத் தீனி போட்டால்தான் வேலை நடக்கும் என்று நின்றவர். 1978-ல் பிராணிகளுக்கென்று அறக்கட்டளை. பிறகு கலிபோர்னியாவின் கார்மெல் பக்கம் குடியேறினார். அங்கே பங்குதாரராக இருந்த ஹோட்டலில் நாயோடு வந்தால் வரவேற்பு. டைனியை மறக்கவில்லை போலும்.

1973-க்குப் பிறகு டிவி பக்கமே வரவில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு திருத்தம்: வந்தார். 1985-ல், பிராணிகளைப் பற்றி ஒரு கேபிள் நிகழ்ச்சி. முதல் விருந்தாளி பழைய ஜோடி ராக் ஹட்சன். ஜூலையில் செய்தியாளர்கள் முன்னால் வந்து நின்றபோது அவர் உருக்குலைந்துபோயிருந்தார். எய்ட்ஸ் என்று அந்த மாதக் கடைசியில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அன்று டோரிஸ் கன்னத்தோடு கன்னம் வைத்து அணைத்துக்கொண்டு நிற்கும் படம் இருக்கிறது. அந்த நோய் என்றால் தொடவே பயந்த காலம். அக்டோபர் 2 அன்று ஹட்சன் இறந்தார்.

2004-ல் அமெரிக்க ஜனாதிபதியின் உயரிய விருது. விமானப் பயம் என்று வாங்கப் போகவில்லை. அதே வருடம் நவம்பரில் ஒரே மகன் டெர்ரி புற்றுநோயில் போய்விட்டான். 2019 மே 13 அன்று இவரும். இறுதிச் சடங்கு வேண்டாம், அஞ்சலிக் கூட்டம் வேண்டாம், கல்லறைக்கல்லும் வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தார். அப்படியே செய்தார்கள்.

ஏப்ரல் 16

சரி, கேள்விக்கு என் பதில் என்ன? துக்கம் என்றேன், வாபஸ். கடன் என்றேன், அது 1968 முதல் 73 வரைக்கும்தான் சரி. மார்க்கெட், பாதி. கடன் அடைந்த பிறகு அவரைக் கேட்காமல் ஒப்பந்தம் போட வீட்டில் ஆள் இல்லை. அதனால் புது ஒப்பந்தம் வரவில்லை. இப்போதைக்கு இதில் நிற்கிறேன். நாளைக்கு மாறினால் இங்கேயே எழுதுகிறேன்.

ஏப்ரல் 21

ஊருக்குப் போயிருந்தேன். அத்தைக்கு 79. முறம் இல்லை, அரிசி பாக்கெட்டில் வருகிறது. போனில் டோரிஸ் டே பாட்டைப் போட்டுக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "ஜிக்கிதான் ஒசத்தி" என்றார். முழுக் கதையையும் சொன்னேன். கணவர், வக்கீல், எண்ணெய்க் கிணறு, கோர்ட்டு.

"கடைசியில அந்தம்மாவுக்குப் பணம் வந்துச்சா?"

"வந்துச்சு அத்தை. 23 தவணை."

"மாசத் தவணையா, வருஷத் தவணையா?"

"வருஷத் தவணை."

விரலை மடக்கி என்னவோ கணக்குப் போட்டார்.

"எனக்குப் பிடிச்சது அறுபத்துநாலு மாசம்" என்றார். "பாட்டை இன்னொரு தடவை போடு."